கட்டிலுக்கு அடியில் ஒரு டீசல் இன்ஜின்: மொஹாவே பாலைவனம் வழியாக ஸயான் வரை

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து லாஸ் வேகஸ் போகும் ஐ-15 நெடுஞ்சாலையில் பேக்கர் என்று ஒரு சின்ன ஊர் வரும். அங்கே 134 அடி உயரத்தில் ஒரு தெர்மாமீட்டர் கோபுரம் நிற்கிறது. 1913 ஜூலை 10 அன்று பக்கத்து டெத் வேலியில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 56.7 டிகிரி செல்சியஸை, நினைவுபடுத்தத்தான் அந்த உயரம். காரில் போகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மோட்டார்ஹோம், அதாவது படுக்கையறையோடு கூடிய வீட்டு வண்டி, ஓட்டுகிறவர்களுக்கு அதற்கு அப்புறம்தான் கவலை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டரில் இருக்கும் பேக்கரிலிருந்து 1,440 மீட்டர் உயர மவுன்டன் பாஸ் வரை, நடுவில் வரும் ஓர் இறக்கத்தைத் தவிர, ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், இன்ஜின் கொதிக்கும்.

எங்களுடையது டீசல் புஷர் வகை மோட்டார்ஹோம். இன்ஜின் வண்டியின் பின்புறம் இருக்கும். ஓட்டுபவருக்குச் சத்தமே தெரியாது, அது பெரிய வசதி. ஆனால் படுக்கையறையும் பின்புறம்தான். கட்டிலைத் தூக்கினால் ஒரு ப்ளைவுட் மூடி, அதைத் திறந்தால் நேரே இன்ஜின். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவும் அப்பாவும் படுப்பது அந்தக் கட்டிலில். போன கோடையில் வந்தபோது அப்பா மெத்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னப்பா, நம்மூர் பஸ்ல இன்ஜின் பெட்டி பக்கத்து சீட் மாதிரி இருக்கே" என்றார். அந்த சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு அது எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்தப் பயணத்துக்கு முன்னால் இதைச் சரிசெய்துவிட்டுத்தான் கிளம்புவது என்று வசந்த காலம் முழுக்க வார இறுதிகளை அந்த மூடியோடு கழித்தேன்.

இந்தப் பிரச்சினை வந்தால் பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது சூட்டைத் தடுக்கும் கனமான இன்சுலேஷனை. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இடுக்குகளை. பலகை வழியாகச் சூடு மெதுவாகத்தான் வரும். இடுக்கு வழியாக வரும் காற்று, சூட்டையும் டீசல் வாடையையும் சேர்த்துக் கொண்டுவரும். எங்கள் வண்டியில் ரேடியேட்டர் பக்கவாட்டில் இருப்பதால் இது இன்னும் மோசம். ஃபேன் வெளிக்காற்றை ரேடியேட்டர் வழியாக இழுத்து, சூடான காற்றை இன்ஜின் அறைக்குள்தான் தள்ளுகிறது. உள்ளே அழுத்தம் கூடினால் அந்தக் காற்று கிடைத்த ஓட்டையில் எல்லாம் ஏறி வரத்தான் செய்யும்.

இடுக்கு எங்கே என்று கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. மூடியைச் சுற்றியிருந்த கார்பெட்டில் ஓர் ஓரம் மட்டும் பென்சிலால் கோடு போட்டதுபோல் கறுத்திருந்தது. காற்று போகிற வழியில் அது கொண்டுவரும் தூசி படிந்து உண்டான கோடு அது. இரவில் இன்ஜின் அறைக்குள் டார்ச்சை எரியவிட்டு, படுக்கையறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், ஒயர்களும் குழாய்களும் தரையைத் துளைத்து வரும் இடங்களில் வெளிச்சம் எட்டிப் பார்த்தது. கடைசியாக, அம்மா கொண்டுவந்திருந்த ஊதுபத்தி. மூடியின் விளிம்பை ஒட்டிப் பிடித்துக்கொண்டே போனால், நேராக எழும் புகை எந்த இடத்தில் சிதறுகிறதோ அங்கே ஓட்டை.

மூடியைச் சுற்றிலும் சூடு தாங்கும் சிலிக்கான் ரப்பர் பட்டை ஒட்டி, அதை அழுத்திப் பிடிக்கும்படி நாலு மூலையிலும் கொக்கி போட்டேன். ஒயர் துளைகளைத் தீத்தடுப்புப் பூச்சால் அடைத்தேன். ஸ்ப்ரே ஃபோமை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம், அது எளிதில் தீப்பிடிக்கும். ஏற்றத்தில், புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவுக்குள் நுழையும் புகையின் சூடு 600 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும் என்பதை மறக்கக் கூடாது.

அதற்கு அப்புறம்தான் இன்சுலேஷன். மூடியின் அடிப்பக்கம், அலுமினியத் தாள் ஒட்டிய கண்ணாடி இழைப் பாய். பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிரில் 90 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும், ஆனால் அதற்கு எதிரே காற்று இடைவெளி இருக்க வேண்டும். சூடான இரும்பை உரசிக்கொண்டிருந்தால் அந்தத் தாளே சூட்டைக் கடத்திவிடும். எண்ணெய்ப் புழுதி படிந்தாலும் பயனில்லை, அவ்வப்போது துடைக்க வேண்டும். பாயைப் பசையை மட்டும் நம்பி ஒட்டாதீர்கள். பழைய இன்சுலேஷன் பசை இளகி ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது. எக்ஸாஸ்ட் (புகைபோக்கி) குழாய்மேல் விழுந்தால் தீ, இன்ஜின் பெல்ட்டில் சிக்கினால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். அகலமான வாஷர் வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறேன்.

இவ்வளவும் செய்து இந்த மே மாதக் கடைசியில் கிளம்பினோம். மவுன்டன் பாஸ் ஏறி முடித்ததும் வண்டியை ஓரங்கட்டி மூடியின் மேற்புறத்தைக் கையால் தொட்டேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். வாடை துளியும் இல்லை. முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவும் எழுந்து வந்து தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். லாஸ் வேகஸ் வழக்கம்போல் நெரிசல். அரிசோனா மூலையில் விர்ஜின் நதிப் பள்ளத்தாக்கு பத்து நிமிடத்துக்குத் தன் செங்குத்துச் சுவர்களால் வாயடைக்க வைத்தது. அப்புறம் யூட்டா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜ், ஸ்ப்ரிங்டேல், ஸயான் தேசியப் பூங்கா.

படுக்கையறை அதிகம் சூடாவது ஓடும்போது அல்ல, நிறுத்திய பிறகு. ஃபேனும் இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் ஓட்டமும் நின்றுவிடும், ஆனால் ஏறக்குறைய அரை டன் இரும்பு சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். சூடு மேலே போகும், மேலே இருப்பது மெத்தை. அதனால் வந்து சேரும் நேரத்தைத் திட்டமிடுவது இன்சுலேஷன் அளவுக்கு முக்கியம். நாங்கள் நாலு மணிக்கே ஸயானில் உள்ள வாட்ச்மேன் முகாமுக்குள் நுழைந்துவிட்டோம். இன்ஜினைச் சில நிமிடம் ஐடிலில் (நின்றபடியே மெதுவாக) ஓடவிட்டு அணைத்தேன், டர்போவுக்கும் அது நல்லது. இன்ஜின் அறையின் பின்பக்கக் கதவைத் திறந்து வைத்தேன். வண்டியின் முதுகு காற்றடிக்கும் பக்கம் இருக்கும்படி நிறுத்தியதால் சூடு அடியிலேயே கலைந்து போனது. அந்த முகாமில் ஜெனரேட்டர் ஓட்ட அனுமதி இல்லை, மின்சார இணைப்பு உள்ள இடங்களில் ஏசி போட்டுக்கொள்ளலாம்.

கூரை ஃபேனைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு அதை ஓடவிட்டால், வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது இழுக்கும். அது இன்ஜின் அறை இடுக்காகவும் இருக்கலாம். படுக்கையறை ஜன்னல் ஒன்றைத் திறந்துவிட்டுத்தான் ஃபேனைப் போடுகிறோம். ஓடும்போது பின்ஜன்னலைத் திறப்பதே இல்லை, வண்டிக்குப் பின்னால் சுழலும் புகை உள்ளே வந்துவிடும். எவ்வளவு அடைத்திருந்தாலும் கட்டில் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் தூங்க வேண்டாம். அந்த வாயுவுக்கு வாடை கிடையாது.

அம்மா அன்றைக்கு ஒன்பது மணிக்கே போர்வையைக் கேட்டு வாங்கிப் படுத்துவிட்டார். ஒரு மூலை மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது. எக்ஸாஸ்ட் குழாய் திரும்பும் இடத்துக்கு மேலே உள்ள சின்ன அலமாரி, நீண்ட ஏற்றத்துக்குப் பிறகு இப்போதும் கொதிக்கிறது. அடுத்த பயணத்துக்கு முன் அங்கே இடைவெளி விட்டு ஒரு தகடு பொருத்தப் போகிறேன். அதுவரை அதில் பாத்திரங்களை மட்டும் வைக்கிறோம். அப்பாவின் மாத்திரைகள் முன்பக்க டிராயருக்கு வந்துவிட்டன.