முகமூடி தளர்ந்த வாரம்

ரங்கூனில் ரேடியேஷன் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன். மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்பகுதியில் புற்றுநோய் என்று யார் வந்தாலும் என் கண் முதலில் கழுத்துக்குத்தான் போகும். பலருக்கு அங்கே வலியே இல்லாத கட்டி இருக்கும். ஒரு பக்கக் காது மாதக்கணக்கில் அடைத்திருந்தது, சளி என்று விட்டுவிட்டோம் என்பார்கள்.

அந்த ஐயாவும் அப்படித்தான் வந்தார். தட்டோன் பக்கம் நெல் விவசாயம். டாக்டரிடம் பர்மியப் பேச்சு, என்னிடம் தமிழ்.

"எத்தனை நாள்மா?"

"35 தடவை ஐயா. வாரம் அஞ்சு நாள், ஏழு வாரம். நடுவுல விடக்கூடாது."

மொத்தம் 70 கிரே; கதிர் அளவை அப்படித்தான் கணக்கிடுவோம். கூடவே மூன்று வாரத்துக்கு ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. 1998இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுக்குப் பிறகு உயிரோடிருந்தவர்கள் 47 விழுக்காடு; கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களில் 78. கட்டி எதுவரை பரவியிருக்கிறது, கழுத்து நெறி எவ்வளவு பெரிது, எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது, இந்தப் புற்றுநோயோடு தொடர்புள்ள எப்ஸ்டீன்-பார் வைரஸின் டிஎன்ஏ ரத்தத்தில் எவ்வளவு என்று டாக்டர்கள் கணக்குப் பார்ப்பார்கள். அவையெல்லாம் நோயாளி வாசலுக்கு வருமுன்பே தீர்ந்துபோன கணக்குகள். நம் கையில் மிச்சமிருப்பது நாள் தவறாமல் முடிப்பது. இடைவெளி விழுந்தால் பிழைத்திருக்கும் புற்றணுக்கள் மறுபடி பெருகும்.

நான்காம் வாரம், தலை அசையாமலிருக்க மாட்டும் வலை முகமூடியைப் பூட்டும்போது கன்னத்துக்கும் வலைக்கும் நடுவே என் விரல் நுழைந்தது. வெந்நீரில் இளக்கி, அவர் முகத்தோடு முகமாக இறுக வைத்த வலை அது. அப்போது காகிதம்கூட நுழையாது. வாயெல்லாம் புண், எச்சில் வற்றிவிட்டது, கஞ்சிகூட இறங்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டார். தலை அசைந்தால் கதிர் வேறிடத்தில் விழும். புது முகமூடி செய்து, திட்டத்தையும் திருத்தினார்கள்.

அப்புறம் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா வந்தது. நாங்களும் மூடிவிட்டோம். இது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம். நோய் லீவு எடுப்பதில்லை. ஐயா ஊருக்குப் போய் வருகிறேன் என்றார். போனவர்களில் சிலர் திரும்பி வராததைப் பார்த்திருக்கிறேன். "போகாதீங்க ஐயா" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மனைவியிடமும் தனியே சொன்னேன். அந்த அம்மாதான் தங்கை வீட்டில் தங்க வைத்து, குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணீரும் பாலும் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்.

மூடியிருந்த நாள்களை ஈடுகட்ட, அதன்பின் சில நாள் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை கொடுத்தோம். காலையில் வந்தவர் வராந்தா பெஞ்சிலேயே படுத்திருப்பார்.

அடுத்த வருடம் பரிசோதனைக்கு வந்தபோது கையில் தண்ணீர் பாட்டில், பேசும்போது நடுநடுவே ஒரு மடக்கு. கழுத்தில் கட்டி இல்லை. தாடை இறுகாமலிருக்கச் சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடவில்லை என்று, தன் விரல்களைச் செங்குத்தாக வாய்க்குள் வைத்துக் காட்டினார். இரண்டரை விரல். மூன்று வேண்டும் ஐயா என்றேன்.