அந்த 37 நாட்கள்

எக்செலில் பல வருடம் பழகிவிட்டு, ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழிக்கு வந்தவள் நான். முதுகலையில் காற்று மாசு ஆய்வுக்கு ஆர் கட்டாயம் என்றார்கள். சொந்தத் தரவைத் தொடுவதற்கு முன் கை பழகட்டும் என்று, ஆரோடு கூடவே வரும் ஏர்குவாலிட்டி அட்டவணையை எடுத்துக்கொண்டேன். 1973 மே முதல் செப்டம்பர் வரை, நியூயார்க்கின் 153 நாட்கள். நாளுக்கு ஒரு வரிசை.

வேலை சின்னதுதான். ஓசோன் 70 பிபிபி-க்கு (நூறு கோடியில் 70 பங்கு) மேல் போன நாளுக்கு 'அதிகம்', மற்றவற்றுக்குக் 'குறைவு' என்று ஒரு புதிய நெடுவரிசை வேண்டும். 70 என்பது பயிற்சிக்காக நானே போட்ட கோடு. எக்செலில் ஒரு கட்டத்தில் 'இப்படியென்றால் இது, இல்லையென்றால் அது' என்று சொல்லும் இஃப் எழுதிக் கீழே இழுத்துவிடுவோம் இல்லையா, அதே நினைப்பில் முழு ஓசோன் நெடுவரிசையையும் ஒரே இஃப்-க்குள் போட்டேன்.

ஆய்வகக் கணினியில் அது ஓடியது. சிவப்பில் ஏதோ எச்சரிக்கை வந்தது, படிக்காமல் விட்டேன். 153 நாளும் 'குறைவு'. ஓசோன் 168 தொட்ட ஆகஸ்ட் 25-ம் தேதியும் 'குறைவு'! அப்போதுதான் எச்சரிக்கையைப் படித்தேன். இஃப் ஒரே ஒரு பதிலைத்தான் கேட்கும். நான் 153 கொடுத்ததால் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறது. மே 1-ம் தேதி ஓசோன் 41. அந்த ஒரு நாளின் பதில் எல்லா நாளுக்கும் ஒட்டிக்கொண்டது.

வீட்டு மடிக்கணினியில் அதே வரி ஓடவே இல்லை, பிழை என்று நின்றது. ஆய்வகத்தில் இருந்தது பழைய பதிப்பு. 2022-இல் வந்த 4.2.0-இலிருந்து இது எச்சரிக்கை அல்ல, பிழை. அந்த மாற்றத்தைச் செய்தவர்களுக்கு மனதார நன்றி சொல்கிறேன். தப்பான விடையோடு ஓடுவதைவிட நின்றுபோவது எவ்வளவோ மேல்.

சரி, ஒவ்வொரு நாளாகப் பார்ப்போம் என்று ஃபார் சுழற்சி எழுதினேன். நாலு நாள் ஓடி ஐந்தாவதில் நின்றது. உண்மை அல்லது பொய் வர வேண்டிய இடத்தில் மதிப்பே இல்லை என்றது செய்தி. அட்டவணையைத் திறந்தால் மே 5-இல் ஓசோன் இடத்தில் என்ஏ. அன்றைய அளவீடு இல்லை. இல்லாத எண் 70-ஐவிடப் பெரிதா என்று கேட்டால் ஆர் சொல்லும் பதிலும் என்ஏதான். எக்செல் காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு 'குறைவு' என்று போட்டுவிட்டுப் போயிருக்கும். இத்தனை வருடம் எத்தனை கோப்பில் அப்படி விட்டேனோ என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது.

அப்புறம் இஃப்எல்ஸ் தெரிந்துகொண்டேன். இரண்டு சொல்லையும் சேர்த்து எழுதும் இந்தச் சார்பு நெடுவரிசை முழுவதையும் ஒரே வரியில் முடிக்கும், என்ஏ-வை என்ஏ-வாகவே விடும்.

மூன்று பிரிவு வேண்டும் என்றதும் ஆரில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் டிப்ளையர் தொகுப்பில், பல நிபந்தனைகளை வரிசையாக எழுத உதவும் கேஸ்வென்-க்குப் போனேன். அது மேலிருந்து கீழாகப் பார்க்கும், முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும். 30-க்கு மேல் 'நடுத்தரம்' என்பதை மேலே எழுதியதால் 'அதிகம்' ஒன்றுகூட வரவில்லை. வரியை மாற்றிப் போட்டதும் சரியானது. ஆனால் கடைசி வரியில் 'மற்றதெல்லாம் குறைவு' என்று வைத்திருந்தேன். எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. கூட்டிப் பார்த்தால் 153 சரியாக வந்தது, அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. ஓசோன் அளவீடு உள்ளவை 116 நாட்கள்தான். மீதி 37 நாளும் 'குறைவு'க்குள் போய் உட்கார்ந்திருந்தன.

இப்போது எந்த நிபந்தனை எழுதினாலும் என் முதல் வரி, மதிப்பு என்ஏ-தானா என்று பார்க்கும் இஸ்என்ஏ. அதற்கு 'அளவீடு இல்லை' என்று தனிப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் 70-க்கும் 30-க்கும் போகிறேன். முடித்ததும், ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை என்று எண்ணித் தரும் டேபிள் சார்பைப் போட்டுப் பார்ப்பேன். அன்று இரவு கடைசியாகப் போட்ட டேபிளில் 'அளவீடு இல்லை' என்பதற்கு நேராக 37 என்று இருந்தது. அப்புறம்தான் என் சொந்தத் தரவுக் கோப்பைத் திறந்தேன்.