பி.எம்.இ.ஜி.பி. கடனில் கயிறு யூனிட் போட்ட அனுபவம்

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தொழில் தொடங்க நினைக்கும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எவ்வளவு மானியம் கிடைச்சுதுங்க அக்கா?" என்பதைத்தான். தென்னை நாரில் கயிறு திரிக்கும் சின்ன யூனிட் ஒன்றை பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) கடன் வாங்கி நடத்தி வருகிறேன். மானியம் முக்கியம்தான். ஆனால் கடன் கிடைப்பதும் யூனிட் நிலைத்து நிற்பதும் திட்ட அறிக்கையையும், சரக்கு, கூலி என்று அன்றாடம் சுழலும் பணமான நடைமுறை மூலதனத்தையும் பொறுத்தவை என்பது என் அனுபவம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உற்பத்தித் தொழிலுக்கான திட்ட மதிப்பின் உச்சவரம்பை 2022-ல் 25 லட்சத்திலிருந்து 50 லட்சமாக உயர்த்தினார்கள். கிராமப்புறத்தில் தொடங்கும் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம். கையிலிருந்து 5 சதவீதம் போட வேண்டும். 20 லட்ச ரூபாய் திட்டம் என்றால் நம் பங்கு 1 லட்சம், வங்கிக் கடன் 19 லட்சம், மானியம் 7 லட்சம். அந்த 7 லட்சம் கைக்கு வராது. கடன் கொடுத்த வங்கியிலேயே மூன்று வருடம் வைப்பாக இருக்கும். அதற்கு வட்டி கிடையாது. அதே அளவு கடனுக்கு நம்மிடமும் வட்டி வாங்க மாட்டார்கள். மூன்று வருடம் யூனிட் ஒழுங்காக ஓடியிருந்தால் கடனில் கழித்துக்கொள்வார்கள். நிலம் வாங்கும் செலவைத் திட்ட மதிப்பில் காட்ட முடியாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் யூனிட்டைப் புதிது என்று காட்டவும் முடியாது.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். மாவட்டத் தொழில் மையம், கதர் கிராமத் தொழில் ஆணையம், கதர் வாரியம் ஆகியவற்றில் ஒன்றின் வழியாகப் போகலாம். நார் சார்ந்த தொழில் என்பதால் கயிறு வாரியமும் உண்டு. நான் மாவட்டத் தொழில் மையத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஆதார், கிராமப்புறம் என்பதற்கான சான்று, மெஷின் கொட்டேஷன், படிப்புச் சான்று. திட்டம் 10 லட்சத்தைத் தாண்டினால் எட்டாம் வகுப்பாவது தேறியிருக்க வேண்டும். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு முழுக்க இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நாமே ஆன்லைனில் செய்துவிடலாம். இதற்குப் பணம் கேட்கும் ஏஜென்டுகளிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

இனி திட்ட அறிக்கை. வெளியே காசு கொடுத்தால் தயாராக வைத்திருப்பதில் பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். அதில் பன்னிரண்டு மாதமும் ஒரே நார் விலை, ஒரே விற்பனை. எங்கள் ஊர்த் தொழில் அப்படி நடப்பதில்லை. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் களத்தில் நார் காயாது, விலை ஏறும். சீனாவிலிருந்து நாருக்கு ஆர்டர் கூடினால் நார் மில்காரர்கள் நாரைப் பேல் (கட்டு) போட்டு ஏற்றுமதிக்கு அனுப்பவே பார்ப்பார்கள், உள்ளூரில் கயிறு திரிப்பவர்களுக்குச் சரக்கு குறையும். வேர் வாடல் நோய் வந்த தோப்புகளில் காய் குறைந்தால் நார் எடுக்கும் தேங்காய் மட்டையும் குறையும். இன்னொரு பக்கம், ஆலப்புழையில் பாய் நெய்பவர்கள் நம் பக்கத்துக் கயிற்றைத்தான் பெருமளவு நம்பியிருக்கிறார்கள். பாலக்காடு வழியாக லோடு போவதும் சுலபம்.

இதையெல்லாம் மாதவாரியாகப் பிரித்து நானே எழுதினேன். பக்கத்து நார் மில் அண்ணன் தன் பழைய விற்பனை நோட்டையே எடுத்துக் கொடுத்தார். "மழை மாசத்துல எத்தனை நாள் மில்லு நிக்கும்னும் எழுது கண்ணு, லாபத்தை மட்டும் எழுதாதே" என்றார். அந்த உதவியை நான் மறக்கவே மாட்டேன். மட்டை தரும் தோப்புக்காரர், மில், மெஷின் பழுது பார்க்கும் பட்டறை, கயிறு வாங்கும் வியாபாரி என்று ஒரு வட்டாரமே நமக்குப் பின்னால் இருக்கிறது. அறிக்கையில் எழுதாவிட்டால் அது வங்கிக்குத் தெரியாது.

முதலில் போன வங்கிக் கிளையில் ஃபைலைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "சொத்துப் பத்திரம் இருக்குதா மேடம்?" என்று கேட்டார்கள். இந்தக் கடனுக்கு சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற சிறு தொழில் கடன் உத்தரவாத நிதியின் உத்தரவாதம் உண்டு, சொத்து அடமானம் தேவையில்லை என்று சொன்னேன். அப்புறம் பதிலே வரவில்லை. கடைசியில் காரணம் சொல்லாமல் திருப்பிவிட்டார்கள். ஊரில் பல பெண்கள் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப்போகிறார்கள். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. விண்ணப்பத்திலேயே இரண்டாவதாக ஒரு வங்கியைக் குறிப்பிட இடம் இருக்கிறது, அதைக் காலியாக விடாதீர்கள். அந்த இரண்டாவது வங்கியின் மேலாளர் என் மாதவாரிப் பக்கங்களை வரிவரியாகப் படித்து, மழை மாதத்தில் தவணை எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்டார். மழைக்கு முன்பே நார் வாங்கி இருப்பு வைக்கும் கணக்கைக் காட்டினேன். அனுமதி வந்தது. தொழில்முனைவோர் பயிற்சி, மும்முனை மின் இணைப்பு, மெஷின் வந்து இறங்கியது எல்லாம் அதன்பின் பெரிய சிக்கலில்லாமல் நடந்தன.

நடைமுறை மூலதனத்தை மட்டும் குறைத்துக் கேட்காதீர்கள். மொத்தக் கடன் சின்னதாகத் தெரியட்டும் என்று பலர் அதைத்தான் வெட்டுகிறார்கள். நாருக்கு உடனே பணம் கொடுக்க வேண்டும், கூலி வாரா வாரம், கயிறு வாங்கியவரோ மெதுவாகத்தான் தருவார். உத்யம் பதிவு உள்ள சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. இப்போது வருமான வரியிலும் அதற்குப் பிடி வந்துவிட்டதால், பில்லில் உத்யம் எண்ணைப் போட்டுக் கொடுத்தால் பெரிய வியாபாரிகள் கொஞ்சம் யோசிக்கிறார்கள்.

வாங்கிய நடைமுறை மூலதன வரம்பைப் பயன்படுத்தாமல் விட்டாலும் சிக்கல்தான். மூன்று வருடத்துக்குள் ஒரு தடவையாவது முழு வரம்பையும் எடுத்திருக்க வேண்டும், சராசரியாக 75 சதவீதத்துக்குக் குறையாமல் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது விதி. மானியத்தைக் கழிப்பதற்கு முன் நேரில் ஆய்வுக்கு வருவார்கள். திட்டத்தின் பெயர் எழுதிய பலகை, மெஷின் பில்கள், கொள்முதல், விற்பனை நோட்டு, ஆட்களின் சம்பளப் பதிவு எல்லாம் முதல் நாளிலிருந்தே ஒரே இடத்தில் இருக்கட்டும்.