விரல் மாட்டும் போர்வை

கனடாவில் பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்காக மூன்று மாதம் பின்னிய கம்பளிப் போர்வை போன வாரம் முடிந்தது. மச்சாள் வந்து பார்த்தார். பின்னல் ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு, "பிள்ளையின் விரல் மாட்டாதோ?" என்றார். எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

ஓட்டைகளை மறைக்கப் போர்வையின் பின்பக்கம் வைத்துத் தைப்பதற்காக, பெரியகடைக்குப் போய் மெல்லிய பருத்தித் துணி வாங்கிவந்தேன். முதலில் அதைக் கழுவிக் காயவைத்தேன். தைத்த பிறகு துணி சுருங்கினால் போர்வையே கோணிவிடும். போர்வையையும் நனைத்து, பாயில் விரித்து, ஓரங்களில் குண்டூசி குத்திக் காயவிட்டேன்.

பின்னல் இழுபடும், துணி இழுபடாது. இரண்டையும் சேர்ப்பது சம்பந்தம் பேசுவது போலத்தான். மடியில் வைத்துத் தைத்த முதல் பக்கம் அலை அலையாக நெளிந்தது. பிரித்தேன். பிறகு மேசையில் தட்டையாக விரித்து, மூலைகளையும் நடுப்பக்கங்களையும் குண்டூசியால் பிடித்து, கையாலேயே தைத்தேன். உள்ளே துணி தொங்காமலிருக்க ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு.

தையல் முடிந்ததும் குண்டூசிகளை எண்ணினேன். குத்தியது 32, கையில் 31. போர்வையை அங்குலம் அங்குலமாகத் தடவித் தேடினேன். கடைசியில் அது என் சேலைத் தலைப்பில் இருந்தது.