ரெட்டேரிக் கரையில் ஊசித்தட்டான்கள்

பறவை பார்க்கிறவர்கள் விடியுமுன் எழுந்து ஓட வேண்டும். ஊசித்தட்டான், அதாவது ஊசிபோல மெலிந்த சின்னத் தட்டான், பார்க்கிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. வெயில் ஏறிய பிறகுதான் அது சுறுசுறுப்பாகும். ஆகவே இட்லி சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பி, ஒன்பது மணிக்கு மேல் வடசென்னையின் ரெட்டேரியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பொங்கல் கழிந்த வாரம் என்பதால் ஏரியில் தண்ணீருக்குக் குறைவில்லை, இருநூறு அடிச் சாலையில் லாரிகளுக்கும் குறைவில்லை.

ஏரி நடுவே நாமக்கோழிகள் நீந்தின. இருக்கட்டும். நான் தேடிப் போனது கோரையும் சம்பும் மண்டி, பாசி படர்ந்து, யாரும் கால் வைக்கத் தயங்கும் கரையோரத்தை.

குந்தி உட்கார்ந்தால்தான் கண்ணுக்குப் படும். கோரைத் தாளில் மஞ்சள் நூல் ஒட்டியது போல ஓர் ஆண். மஞ்சள் வால், பாசிப்பச்சை மார்பு, பச்சைக் கண்கள். பெரிய தட்டான் உட்காரும்போது இறக்கைகளை விரித்து வைக்கும். இது முதுகின் மேல் சேர்த்து மடித்துக்கொள்ளும். 1798-இல் டென்மார்க்கின் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் இதை விவரித்தார். அறிவியல் பெயர் செரியாகிரியன் கோரமண்டலியானம், அதாவது நம் சோழமண்டலக் கரைக்காரன்.

சற்றுத் தள்ளி, மிதக்கும் இலையொன்றில் ஒரு ஜோடி. பெண் வயிற்றை வளைத்து இலைக்குள் முட்டைகளைச் செருகிக்கொண்டிருந்தது. ஆணோ வால்நுனிக் கொக்கியால் அதன் கழுத்துப் பக்கம் பற்றி, விறைப்பாக நின்றது. பாசம் என்று நினைக்க வேண்டாம். ஊசித்தட்டான்களில் பல இனங்களில், அடுத்து வரும் ஆண் முன்னவனின் விந்தை வழித்து எறிந்துவிட்டுத்தான் இணையும். முட்டையிட்டு முடியும்வரை பிடியை விடாததற்குக் காரணம் அந்தப் பயம்தான்.

பக்கத்தில் ஜிலேபி மீனுக்குத் தூண்டில் போட்டிருந்த பெரியவர் என்னையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, எதையாவது தொலைத்துவிட்டீர்களா?"

"இல்லை ஐயா, ஊசித்தட்டான் பார்க்கிறேன்."

"தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை" என்றார் அவர். பழமொழி பெரிய தட்டான்களைப் பற்றியது. ஊசித்தட்டான் என்றைக்குமே முழங்கால் உயரத்தைத் தாண்டிப் பறப்பது அபூர்வம்; அதை நம்பினால் வடசென்னையில் தினமும் குடை பிடிக்க வேண்டும்.

அந்த மஞ்சள் வால்காரனைவிடப் பொடியான ஊசித்தட்டான் ஒன்றும் அங்கே உண்டு: அக்ரியோக்னெமிஸ் பிக்மேயா. உடல் நீளம் இரண்டு சென்டிமீட்டர் இருந்தாலே அதிகம். இளம் பெண் பூச்சி சிவப்பாக இருந்து, முதிர முதிரப் பச்சையாகிவிடும். புல்லுக்குள் அது நகர்ந்தபோதுதான் பூச்சி என்றே தெரிந்தது.

ஏரிகளை அழகுபடுத்துகிறோம் என்று கரை முழுக்கக் கல் பதித்துவிடுகிறார்கள். குப்பையையும் சாக்கடையையும் தடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? கோரையை எதற்குப் பிடுங்க வேண்டும்? முட்டை வைக்கத் தண்டும் இலையும் வேண்டும். வால்நுனியில் மூன்று இலை போன்ற செவுள்களோடு நீருக்குள் வளரும் குஞ்சுகள் ஒளியச் செடி வேண்டும். அந்தக் குஞ்சுகள் தின்பதில் கொசுப்புழுவும் அடக்கம். கொசுவின் அருமை பற்றி வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

போகிறவர்கள் முழுக்கால் சட்டையும் சேறானாலும் பரவாயில்லை என்ற செருப்பும் அணிந்து செல்லுங்கள். பெரிய கேமரா தேவையில்லை, கைப்பேசியே போதும். மெதுவாக நெருங்கினால் ஒரு முழ தூரம்வரை விடும். உங்கள் நிழல் மட்டும் அதன்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.