சோயாவைக் குறைத்துப் பட்டாணி: மொட்டைமாடிக் கோழிகளோடு இரண்டு மாதம்

சென்னை கொளத்தூரில் எங்கள் மொட்டைமாடியில் ஒன்பது கோழிகள். எல்லாம் நாட்டுக் கலப்பு. ஒரு நாளைக்கு ஐந்து முட்டைக்குக் குறையாது. தீவனம் நானே கலக்கிறேன். பத்து கிலோவுக்கு மக்காச்சோளம் 5, சோயா புண்ணாக்கு 2.5, தவிடு 1.5, மீதி ஒரு கிலோ கிளிஞ்சல் தூளும் தாது உப்பும். இதில் சோயாதான் தொல்லை. பக்கத்தில் சில்லறையாகக் கிடைப்பதில்லை. மூட்டையாக வாங்கிப் போட்டால் நம் ஊர்க் காற்றுக்கு ஈரம் கோத்துக் கட்டி தட்டிவிடுகிறது.

பாரிமுனைப் பக்கம் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்கு மளிகை வாங்கப் போனபோது மஞ்சள் பட்டாணிக் குருணை கண்ணில் பட்டது. 2023 டிசம்பரில் இறக்குமதி வரியை எடுத்த பிறகு கனடா, ரஷ்யப் பட்டாணி நிறைய வந்து இறங்கியது. அதில் உடைந்ததும் தோலுமாகச் சேர்வதைக் கிலோ 26 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். முழுப் பட்டாணி விலை கொடுத்துக் கோழிக்குப் போட்டால் கட்டுப்படியாகாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பச்சைச் சாயம் ஏற்றிய பட்டாணியும் வேண்டாம்.

பச்சை சோயாவை வறுக்காமல் கோழிக்குப் போடக்கூடாது, புரதம் செரிக்க விடாத சத்து அதில் அதிகம். பட்டாணியில் அது குறைவு என்பதால் அப்படியே உடைத்துப் போடலாம். அந்தத் தைரியத்தில் 2 கிலோ சோயாவை எடுத்துவிட்டு 2 கிலோ பட்டாணியைக் கொட்டினேன். பருப்புதானே, புரதம்தானே என்ற நினைப்பு.

பத்தே நாளில் ஐந்து முட்டை மூன்றானது, அப்புறம் இரண்டு. ஒன்றின் முதுகு இறகை ஒன்று பிடுங்க ஆரம்பித்தன. அன்று ராத்திரிதான் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். சோயா புண்ணாக்கில் புரதம் 45 சதவீதம், பட்டாணியில் சுமார் 22. என் கலவை 17.5 சதவீதத்திலிருந்து 13க்கு இறங்கியிருந்தது. முட்டைக் கோழிக்கு 16க்குக் கீழே போகக்கூடாது. இதைக் கலப்பதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டும்.

பட்டாணியில் கிட்டத்தட்டப் பாதி மாவுச்சத்துதான். அதனால் அது சோயா இடத்தை மட்டும் பிடிக்காது, சோள இடத்தையும் சேர்த்துப் பிடிக்கும். 2 கிலோ சோளமும் 1 கிலோ சோயாவும் எடுத்துவிட்டு 3 கிலோ பட்டாணி போட்டால் புரதம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. எனக்கு இந்தக் கணக்குதான் எல்லாம்.

இன்னொரு சிக்கல் மெத்தியோனின். அதுவும் லைசினும் புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்கள். பட்டாணியில் லைசின் தாராளம், மெத்தியோனின் கம்மி. இறகு பிடுங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதை ஈடுகட்ட முதலில் கருவாட்டுத்தூள் சேர்த்தேன். மூன்றாம் நாளே கீழ்வீட்டு மாமி மாடிப்படியில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். உப்புக் கருவாடு என்பதால் எச்சமும் தண்ணீராகப் போனது. சரி, விட்டுவிட்டேன். தெருமுனைச் செக்கு எண்ணெய்க் கடையில் எள்ளுப் புண்ணாக்கு இருந்தது. அதில் லைசின் குறைவு, மெத்தியோனின் அதிகம். பட்டாணிக்கு நேர் எதிர், நல்ல ஜோடி. இப்போது பத்து கிலோவுக்கு சோளம் 3, பட்டாணி 3, சோயா 1, எள்ளுப் புண்ணாக்கு அரை கிலோ. தவிடும் கிளிஞ்சலும் பழையபடி. புரதம் 17 பக்கம் வருகிறது.

குருணையைக் கோழிகள் ஒதுக்கிவிட்டுச் சோளத்தை மட்டும் பொறுக்கின. அரவை மில்லுக்குக் கொண்டுபோனேன். "கோழிக்கா? சுண்டல் போட்டு பீச்சுல வித்தாக்கூட காசு வருமே சார்" என்றார் மில்காரர். முதல் தடவை கடலைமாவு போல அரைத்துக் கொடுத்துவிட்டார், அலகில் பசையாக ஒட்டியது. அடுத்த முறை ரவைப் பதம் என்று நின்று சொல்லி வாங்கினேன், அதன்பிறகு தட்டில் மிச்சமே இல்லை.

மூன்றாவது வாரம் நான்கு முட்டை, ஐந்தாவது வாரம் ஐந்து. ஒரு கோழி அடையில் உட்கார்ந்துவிட்டது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சோளம் குறைந்ததால் மஞ்சள் கரு வெளுத்துவிட்டது என்று மகள் குறை சொன்னாள். தினமும் ஒரு கொத்து முருங்கைக்கீரை கட்டித் தொங்கவிடுகிறேன், நிறம் திரும்பி வருகிறது.

மூட்டையில் இப்போது வண்டு வைத்திருக்கிறது. பூசணம் இருந்தால் மொத்தத்தையும் கொட்டியிருப்பேன். வண்டுதான் என்பதால் மொட்டைமாடியில் சாக்கை விரித்துக் காயப்போட்டேன். கோழிகளைத் திறந்துவிட்டதும் பட்டாணியை விட்டுவிட்டு வண்டுகளைத்தான் முதலில் தின்றன.