பணம் கேட்கவே இல்லை, ஆனாலும் ஏமாற்றினார்

விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "எவ்வளவு பணம் போச்சு?" என்றுதான். ஒரு பைசாகூடப் போகவில்லை என்றதும், "அப்புறம் என்ன, தப்பிச்சே" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். மாதக்கணக்கில் ஆன்லைனில் தினமும் பேசிய ஒருவரின் பெயர், முகம், வேலை, இறந்துபோனதாகச் சொல்லி அழுத அம்மா, எல்லாமே பொய் என்று தெரியவரும்போது எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. அவர் பணம் கேட்டிருந்தால் எனக்கு அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும்.

வீடியோ காலுக்குக் கூப்பிட்டால் கேமரா உடைந்திருக்கும், இல்லையென்றால் நெட் கிடைக்காது. அவர் அனுப்பிய படங்களை, படத்தை வைத்தே இணையத்தில் தேடும் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தபோதும் ஒன்றும் சிக்கவில்லை. பிறகு ஒருநாள் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், பின்னால் இருந்த பெயர்ப்பலகையின் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருந்தன, சட்டைப் பையும் வலது பக்கம் இருந்தது. செல்ஃபியில் இது சகஜம், ஆனால் இதில் அவருடைய இரண்டு கைகளும் தெரிகின்றன, எடுத்தது வேறு யாரோ. அப்படியானால் தேடலில் சிக்காமலிருக்கப் படத்தை வேண்டுமென்றே திருப்பியிருக்கலாம் என்று தோன்றியது. போனிலேயே படத்தைத் திருப்பிப் போட்டு மறுபடி தேடினேன். வேறு பெயரில், மனைவி குழந்தைகளோடு, முன்பின் தெரியாத ஒருவரின் பக்கம் வந்து நின்றது.

உடனே அவரிடம் கேட்டுவிடத்தான் கை துடித்தது. தோழி ஒருத்தி, "முதல்ல எல்லாத்தையும் எடுத்து வை, அப்புறம் கேளு" என்றாள். இதைவிட உருப்படியான யோசனையை எனக்கு யாரும் சொல்லவில்லை. டெலிகிராமில் ஒருவர் நினைத்தால் மொத்த உரையாடலையும் இரண்டு பக்கமும் அழித்துவிடலாம். அதனால் வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வைத்தேன், டெலிகிராமில் இருந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் யூசர்நேம், கணக்கின் லிங்க், தேதி எல்லாம் தெரியும்படி எடுத்தேன். அதன் பிறகுதான் கேட்டேன். முதலில் அது தம்பி படம் என்றார், பிறகு அழுதார், மறுநாள் கணக்கையே காணோம். டெலிகிராமில் பேசியதெல்லாம் என் போனிலிருந்தும் போயிருந்தது.

படத்துக்குச் சொந்தக்காரருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அவர் தன் மனைவிக்கும் காட்டிவிட்டு நன்றி சொன்னார். ஆள்மாறாட்டம் என்று இன்ஸ்டாகிராமில் புகார் கொடுக்க வேண்டுமென்றால் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பேச உரிமை உள்ளவரோ கொடுப்பதுதான் முறை, என் புகாரை மட்டும் நம்பியிருக்க முடியாது. அதே படங்களோடு இருந்த இன்னொரு போலிக் கணக்கை அவரே புகார் கொடுத்து எடுக்க வைத்தார்.

மனசு தேறுவதுதான் இழுத்துக்கொண்டே போனது. அமெரிக்கக் கால்பந்து வீரர் மன்டை டேயோவின் கதையை அப்போதுதான் படித்தேன். 2012 செப்டம்பரில் காதலி இறந்துவிட்டதாக நம்பி ஊரறியத் துக்கப்பட்டவர், அப்படி ஒரு பெண்ணே இல்லை என்பது 2013 ஜனவரியில் வெளியே வந்தது. எத்தனையோ பேர் அவரைக் கேலி செய்தார்கள். எனக்கு அந்தக் கேலியைப் படிக்கவே பொறுக்கவில்லை, ஆள் பொய்யாக இருந்தாலும் அவர் பட்ட துக்கம் நிஜம்தானே? எழுத்திலேயே பழகும்போது எதிராளியைப் பற்றிக் கிடைக்கும் கொஞ்ச விவரத்தை வைத்து மீதியை நாமே நல்லபடியாக நிரப்பிக்கொள்கிறோம் என்று ஜோசப் வால்தர் என்ற ஆய்வாளர் 1996-லேயே எழுதியிருக்கிறார். நான் பார்த்த மனநல ஆலோசகர் இதை விளக்கியபோது எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இது மனித மனசு எல்லோருக்கும் செய்கிற வேலை, எனக்கு மட்டும் நடந்ததில்லை.

அந்தப் பக்கம் இருந்தது யார் என்று இன்றுவரை தெரியாது. நடுவில் புது எண்ணிலிருந்து, "ஒரே ஒரு தடவை பேசு, உண்மையைச் சொல்றேன்" என்று செய்தி வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பழையதோடு சேர்த்து வைத்துவிட்டு, பதில் போடாமல் பிளாக் செய்தேன்.